பழைய காரின் சஸ்பென்ஷனை வீட்டு வாசலிலேயே புதுப்பிப்பது: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார் லொட லொடவென்று சத்தம் போட ஆரம்பித்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஷாக் போயிடுச்சு." நாலு ஷாக்கையும் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றிவிட்டு வந்தால், திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் முதல் பள்ளத்திலேயே பழைய சத்தம் திரும்பக் கேட்கும். ஷாக் தேய்ந்திருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சத்தம் போட்டது பக்கத்திலிருந்த லிங்க் ராடோ (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் சின்ன இணைப்புத் தண்டு), கிழிந்துபோன ஒரு புஷ்ஷோ (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்). சில நூறு ரூபாய்ச் சாமானுக்குப் பதிலாகப் பல ஆயிரம் ரூபாய்ச் சாமானை மாற்றியதுதான் மிச்சம்.

எது போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியில் முக்கியமானது, கடைசியில் போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறீர்கள் என்பது. இந்த இரண்டையும்தான் கீழே கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறேன். ஸ்டெப்னி மாற்றத் தெரிந்த, ஸ்பேனர் பிடிக்கப் பயமில்லாத ஆளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஸ்விஃப்ட், வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 போன்ற சின்னக் கார்களுக்கு இது பொருந்தும். முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தண்டாகச் சேர்ந்தது), பின்னால் குறுக்கே ஒரே ஆக்சில், ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்ற அமைப்பு.

நம்ம பக்கத்துக் கார்களுக்கு இரண்டு விசேஷக் கஷ்டங்கள். ஒன்று கடல் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையோரம் நிற்கும் கார்களின் அடியில் குனிந்து பார்த்தால் போல்ட் தலைகள் பொரிந்துபோய் நிற்கும். இன்னொன்று சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அழுத்திப் போட்ட பள்ளங்கள் ஒரு பக்கம். அதற்கு மேல், ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் சக்கரம் பாதி முழுகத் தண்ணீர் நிற்கும். உப்பு, போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீர், கிழிந்த ரப்பர் பூட் (உறை) வழியாகப் பால் ஜாயின்ட்டுக்குள் (சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் இடம் கொடுக்கும் உருண்டை இணைப்பு) இறங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வந்ததே, அதில் நின்ற கார் என்றால் ரப்பர்களைத் தனியாகப் பாருங்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சாதாரண ரப்பர் உப்பி, கொழகொழத்துப் போகும்.

முதலில் கண்டுபிடியுங்கள்

டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அளவுக்கு மேல் காற்று அடித்த டயரே வண்டியைக் கட்டை மாதிரி குதிக்க வைக்கும்.

அப்புறம் சமதளமான இடத்தில் நிறுத்தி, ஒரு டேப் எடுத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு சக்கரத்துக்கும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடது வலது வித்தியாசம் ஒரு விரல் கனத்துக்கு மேல் இருந்தால் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறதா, கீழ்ச்சுற்று உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடிக்கும் ஊரில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, அது உட்காரும் தட்டில் தண்ணீர் தங்கித் தங்கி, சத்தமில்லாமல் உடைந்திருக்கும். இந்த நாலு அளவுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

காரின் மூலையை அமுக்கி விட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. அமுக்கிவிட்டதும் மேலே வந்து உடனே அடங்க வேண்டும். இரண்டு மூன்று தரம் ஆடினால் ஷாக் முடிந்தது. ஆனால் அடங்கிவிட்டது என்பதற்காக ஷாக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அரைகுறையாகத் தேய்ந்த ஷாக் இந்தச் சோதனையில் பாஸாகிவிடும். எண்ணெய்க் கசிவு பாருங்கள். மெல்லிய ஈரமும் அதில் ஒட்டிய தூசியும் பரவாயில்லை, வழிந்து சொட்டினால் மாற்ற வேண்டியதுதான். டயரை உள்ளங்கையால் சுற்றித் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாக, அலை அலையாகத் தேய்ந்திருந்தால் ஷாக்கைச் சந்தேகப்படலாம்.

சத்தமே நிறைய சொல்லும். சின்னக் குழிகளில், அதுவும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறங்கும்போது 'டொக் டொக்' என்றால் முதல் சந்தேகம் லிங்க் ராடு. பிரேக் போடும்போதும் விடும்போதும் ஒரே ஒரு 'டொம்' என்றால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க்கை) பின் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு 'டொய்ங்' என்று விடுபட்டால், ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுண்ட்டும் பேரிங்கும். ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது கிரீச்சென்று கேட்டால், ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் டி புஷ் காய்ந்திருக்கும்.

பிறகு முன் பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். உள்ளே ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட் அல்லது ராக் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் வெளி, உள் இணைப்புகள்). பால் ஜாயின்ட்டை உறுதி செய்ய, லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் இரும்பு) நடுவே நெம்புகோல் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். மேலும் கீழுமாக நகர்வு தெரியவே கூடாது. புஷ்களையும் அதே நெம்புகோலால் சோதியுங்கள். மேல்தோலில் வெடிப்பு இருந்தால் கவலை வேண்டாம். ரப்பர் உள்குழாயிலிருந்து பிய்ந்து இடைவெளி தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

லிங்க் ராடில் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு சுலபமான வழி: இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் விடை கிடைத்தாயிற்று. வளைவுகளில் வண்டி கூடுதலாகச் சாயும், அதனால் பெரிய சாலைக்குப் போக வேண்டாம். மாருதி 800 வைத்திருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. அதில் தனி லிங்க் ராடு கிடையாது. ஸ்டெபிலைசர் பாரின் முனையே லோயர் ஆர்முக்குள் நுழைந்து, ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கிறது.

சாமான் வாங்குவது

புதுப்பேட்டை நம் எல்லோருக்கும் பிடித்த இடம். ஆனால் ஷாக், புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் இவற்றைப் பழசாக வாங்குவதில் எந்த லாபமும் இல்லை. உங்கள் காரில் தேய்ந்த மாதிரியே அதுவும் இன்னொரு காரில் தேய்ந்ததுதான். நக்கிள், பிராக்கெட் போன்ற தேயாத இரும்புச் சாமான் வேண்டுமென்றால் அங்கே போகலாம். புதுச் சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அல்லது உங்கள் பகுதி ஸ்பேர்ஸ் கடை. கம்பெனி ஒரிஜினல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஷாக்குக்கு கேப்ரியல், பால் ஜாயின்ட், டை ராடுக்கு ரானே போல, கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்யும் பிராண்டாகப் பாருங்கள். பில் வாங்குங்கள். பெயரில்லாத டப்பாவில் பாதி விலைக்கு வரும் லோயர் ஆர்மின் ரப்பர் எத்தனை நாள் தாங்கும் என்று கடைக்காரரே சொல்ல மாட்டார்.

ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள், முன் இரண்டும் அல்லது பின் இரண்டும். முன் ஸ்ட்ரட் மாற்றும்போது மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் அடியோடு முட்டாமல் தடுக்கும் ரப்பர்), தூசி மறைக்கும் பூட் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அவற்றை மாற்ற மறுபடி அதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். லோயர் ஆர்மில் புஷ் மட்டும் மாற்றலாமா, முழு ஆர்மும் வாங்கலாமா? துருப்பிடித்த பழைய காருக்கு முழு ஆர்ம் என்பேன். இரண்டு புஷ்ஷும், பல மாடல்களில் பால் ஜாயின்ட்டும் சேர்ந்தே வரும், பிரஸ் போடுகிற பட்டறையைத் தேடி அலைய வேண்டாம். புஷ் மட்டும்தான் என்றால், பழையதைக் கழற்றும் முன் அது எந்தத் திசை பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஆர்மில் பெயின்ட்டால் குறியுங்கள். பின் புஷ்ஷில் ரப்பருக்கு நடுவே வெற்றிடம் இருக்கும், அது திசை மாறினால் வண்டியின் குணமே மாறிவிடும். சுய பூட்டு நட்டுகளையும் (தானாகக் கழலாதவை) காட்டர் பின்களையும் (நட்டு சுற்றாமல் குத்தி வைக்கும் கம்பி) புதிதாக வாங்குங்கள், பழசைத் திரும்பப் போடாதீர்கள்.

இடமும் கருவிகளும்

தண்டையார்பேட்டையிலோ ராயபுரத்திலோ கார் ஷெட் உள்ள வீடு எத்தனை பேருக்கு இருக்கிறது? தெருவில்தான் வேலை. ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் பாதி முடியும், எதிர்வீட்டு ஆட்டோவும் அதுவரை கிளம்பாது. தண்ணி லாரி வரும் நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் தெருவென்றால் அவர்களிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

காருடன் வந்த ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும். ஒரு ஹைட்ராலிக் ஜாக்கியும் இரண்டு ஜாக் ஸ்டாண்டும் கட்டாயம். ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல், ஹாலோ பிளாக் எதையும் வைக்கவே வேண்டாம். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பில்லாமல் பொடிப்பொடியாகும். தரை மண்ணாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்க வையுங்கள், எது வழுக்கினாலும் அது தாங்கும்.

கருவிகளில் 12 முதல் 19 வரை சாக்கெட் செட், ரிங் ஸ்பேனர், நீளமான கைப்பிடி, எல்-கீ செட், சுத்தியல், நெம்புகோல், வயர் பிரஷ். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் முறுக்கு விசையை, அதாவது டார்க்கை, அளந்து காட்டும் ஸ்பேனர்) ஒன்று இரவல் கிடைத்தாலும் போதும். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு டார்க் என்பது உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சிலவற்றில் நியூட்டன் மீட்டரிலும் சிலவற்றில் கிலோகிராம்-மீட்டர் (kgf·m) கணக்கிலும் போட்டிருப்பார்கள். 1 கிலோ என்றால் 9.8 நியூட்டன் என்று வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். 85 நியூட்டன் மீட்டர் என்பது ஏறக்குறைய 8.7 கிலோகிராம்-மீட்டர்.

நம்ம ஊருக்கு இன்னொரு படி உண்டு. முந்தின நாள் சாயங்காலமே, கழற்றப்போகும் எல்லா போல்ட்டையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஊற விடுங்கள். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு தரம். ஸ்பிரே பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் படக்கூடாது. காலையில் கழற்றும்போது முதலில் ஒரு துளி இறுக்கும் திசையில் திருப்பி, துரு உடைகிற 'டிக்' கேட்ட பிறகு எதிர்த்திசையில் திருப்புங்கள். தலை மழுங்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். பிரேக் ஹோஸும் பெட்ரோல் டேங்க்கும் இருக்கும் இடத்தில் வீட்டு வாசலில் நெருப்பு வைத்துச் சூடேற்றும் வேலையெல்லாம் வேண்டாம்.

பின் ஷாக்கிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்களுக்குக் கை பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் கொடுத்து லேசாகத் தாங்குங்கள். இந்தத் தாங்கல் முக்கியம். ஆக்சில் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதைப் பிடித்து வைத்திருப்பதே ஷாக்தான். அதைக் கழற்றியதும் ஆக்சில் தொங்கி, ஸ்பிரிங் நழுவி, பாரம் முழுவதும் பிரேக் ஹோஸ் மேல் விழும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் செய்யுங்கள்.

மேல் நட்டு சில கார்களில் டிக்கிக்குள் மூடியின் பின்னால், சிலவற்றில் சக்கரத்துக்கு மேலேயே இருக்கும். கீழே ஒரு போல்ட். புது ஷாக்கைப் பொருத்தும் முன், நேராக நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தரம் முழுதாக அமுக்கி இழுங்கள். கடையில் படுக்க வைத்திருந்ததால் உள்ளே காற்று இடம் மாறியிருக்கும், இப்படிச் செய்தால் சரியாகிவிடும். கீழ் போல்ட்டைக் கையால் முடுக்கியதோடு விட்டுவிடுங்கள். முழுதாக இறுக்குவது பிறகு.

முன் பக்கம்

லிங்க் ராடு சின்ன வேலை. நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டும் கூடவே சுற்றும். தண்டின் முனையில் எல்-கீ நுழைய ஒரு துளை இருக்கும், அல்லது ரப்பர் உறைக்குப் பின்னால் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றுங்கள். முன் சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் தொங்கினால் ஸ்டெபிலைசர் பாரில் முறுக்கு இருக்காது, கழற்றுவதும் மாட்டுவதும் சுலபம்.

லோயர் ஆர்முக்கு, பால் ஜாயின்ட்டின் தண்டை நக்கிளில் கவ்விப் பிடித்திருக்கும் போல்ட்டை முழுதாக உருவி எடுக்க வேண்டும். தளர்த்தினால் மட்டும் போதாது. தண்டில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், போல்ட் அதன் வழியாகத்தான் போகிறது. உருவியதும் ஆர்மைக் கீழ்நோக்கி நெம்பினால் தண்டு வெளியே வரும். அதற்குப்பின் பாடியோடு சேரும் இரண்டு போல்ட்கள். நக்கிள் வெளிப்பக்கம் சாய்ந்து தொங்கினால் டிரைவ் ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) உள் ஜாயின்ட் பிரிந்துகொள்ளும், ஆகவே ஒரு கயிற்றால் அதைக் கட்டி வையுங்கள். புது ஆர்மை மாட்டும்போது போல்ட்டின் வழவழப்பான உடல் பகுதியில் கொஞ்சம் ஆன்டி-சீஸ் (துருவால் சிக்காமல் தடுக்கும் பசை) தடவுங்கள், திரெட்டில் வேண்டாம். கடலோரத்தில் போல்ட் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் புஷ்ஷின் உள்குழாயோடுதான். ரப்பரில் கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவும் படக்கூடாது. வழுக்கல் தேவைப்பட்டால் சோப்புத் தண்ணீர் போதும்.

ஸ்ட்ரட்டில் முதலில் பிரேக் ஹோஸ் பிராக்கெட்டையும் ஏபிஎஸ் ஒயரையும் விடுவியுங்கள். நக்கிளோடு சேரும் இரண்டு போல்ட்களின் தலை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) கொஞ்சமாவது பழைய இடத்துக்கு அருகில் வரும். பானெட்டுக்கு அடியில், ஸ்ட்ரட்டின் தலையில் சுற்றிலும் சின்ன நட்டுகளும் நடுவில் ஒரு பெரிய நட்டும் இருக்கும். சின்ன நட்டுகளைக் கழற்றினால் ஸ்ட்ரட் முழுதாகக் கையோடு வரும். நடு நட்டைத் தொடாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் முழுவதையும் அடக்கி வைத்திருப்பது அதுதான். அது சீறினால் கை முகம் எதுவும் மிஞ்சாது. சில மாடல்களில் இந்த அமைப்பு வேறு மாதிரி இருக்கும், எனவே உங்கள் காரின் மேனுவல் படத்தைப் பார்த்துவிட்டே ஸ்பேனரை வையுங்கள்.

ஸ்பிரிங்கைப் பிரித்துப் புது ஷாக்கில் மாற்றும் அந்த ஒரு வேலைக்குக் கழற்றிய ஸ்ட்ரட்டையும் புதுச் சாமானையும் பையில் போட்டு, சரியான ஸ்பிரிங் கம்ப்ரசர் உள்ள பட்டறைக்கு எடுத்துப் போங்கள். வீட்டிலேயே செய்தேன் என்ற பெருமைக்காக மலிவுக் கம்ப்ரசர் வாங்கித் தெருவில் முயல்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கொண்டுபோகும் முன் ஸ்பிரிங்கின் கீழ்முனை தட்டில் எங்கே முட்டி நிற்கிறது என்று பாருங்கள், திரும்பி வரும்போதும் அங்கேயே முட்டி நிற்க வேண்டும்.

டை ராட் எண்ட் மாற்றுவதாக இருந்தால், பூட்டு நட்டு நின்ற இடத்தில் பெயின்ட் குறி வைத்து, கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதன் தண்டு கூம்பாக இருப்பதால் நட்டை எடுத்த பிறகும் வராது. நட்டை நாலு திரெட்டில் விட்டுவிட்டு, நக்கிளின் கண்ணைப் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினால் விடும்.

கடைசி இறுக்கு

நல்ல சாமான் வாங்கியும் புஷ் சீக்கிரம் கிழிந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். புஷ்ஷின் ரப்பர் வெளிவளையத்தோடும் உள்குழாயோடும் ஒட்டப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் போவது ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால் மட்டும்தான். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் காரைக் கீழே இறக்கினால், ஈரத் துணியைப் பிழிந்து அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி, ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே நிற்கும். முதல் பெரிய பள்ளத்தில் அதற்கு மேலும் முறுக வேண்டும். அதனால்தான் கிழிகிறது.

ஆகவே லோயர் ஆர்மின் புஷ் போல்ட்கள், பின் ஷாக்கின் கீழ் போல்ட் இவற்றைக் கையால் முடுக்கி விட்டு, ஜாக்கியைப் பால் ஜாயின்ட்டுக்கு அடியில், பின்னால் ஆக்சிலுக்கு அடியில் வைத்து மெல்லத் தூக்குங்கள். முதலில் எழுதி வைத்த அளவை இப்போது எடுங்கள். சக்கரம் இல்லாவிட்டாலும் ஹப்பின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, அதே எண் வரும் வரை தூக்குங்கள். கார் ஸ்டாண்டிலிருந்து எழும்ப ஆரம்பிக்கும் நிலைக்குப் பக்கத்தில் அது வரும். ஸ்டாண்டை விட்டு எழும்ப விடாமல் அங்கே நிறுத்தி, டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். ஸ்பிரிங் தொய்ந்த பக்கம் புது ஸ்பிரிங் போட்டிருந்தால் அந்தப் பக்கத்துப் பழைய அளவு செல்லாது, எதிர்ப் பக்கத்து அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரட்டை நக்கிளோடு சேர்க்கும் போல்ட், பால் ஜாயின்ட் போல்ட், டை ராட் நட்டு இவற்றில் முறுகும் ரப்பர் இல்லை, எந்த நிலையில் இறுக்கினாலும் சரி. சக்கர நட்டுகளை மட்டும் காரைத் தரையில் இறக்கிய பிறகு எதிரெதிராக இறுக்குங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

நகரும் முன் பிரேக் பெடலை நாலைந்து தரம் மிதித்துக் கெட்டியாக இருக்கிறதா பாருங்கள். ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி, பிரேக் ஹோஸ் எங்காவது இழுபடுகிறதா என்று எட்டிப் பாருங்கள். முதல் ஓட்டம் தெருவுக்குள், ஸ்பீட் பிரேக்கர்கள் மேல். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய்ச் சோதிக்க வேண்டாம்.

ஸ்ட்ரட், ஆர்ம், டை ராட் எதைத் தொட்டிருந்தாலும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம், அதுவும் ஓரிரு நாளுக்குள். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தப்பாக இருந்தால் புது டயரும் சில வாரங்களில் ஓரம் தேயும். கடையில் சரிசெய்யும் முன்னும் சரிசெய்த பிறகும் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்கி, கேம்பர் இடது வலது கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நக்கிள் போல்ட்களைத் தளர்த்தி, கொஞ்சம் தள்ளி, மறுபடி இறுக்கச் சொல்லலாம். ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டிலும் ரெஞ்ச்சை வைத்து ஒரு தரம் சரிபாருங்கள். புஷ் போல்ட்களைச் சரிபார்க்கும்போது கார் சக்கரத்தில் நிற்க வேண்டும்.

கழற்றிய ஷாக்குகளைக் காயலான் கடையில் போடலாம், இரும்பு எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். உள்ளே எண்ணெயும், கேஸ் ஷாக் என்றால் அழுத்தத்தில் இருக்கும் கேஸும் உண்டு. வெட்டவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.